ஆலங்குடிப் பக்கமா, அன்னவாசல் பக்கமா?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். சாந்தியின் முழங்கால் வலி பழையபடிதான். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், வீட்டில் ஒரு பாத்திரம் அதன் இடத்தில் இல்லை. இத்தனை மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டி அனுப்பியதை, நாம் 'கலெக்டர்' என்று கூப்பிடும் நம் சிநேகிதனிடம் படித்துக் காட்டினேன். "அவன் திட்டினால்தான் நல்லா இருக்கான்னு அர்த்தம்" என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆலங்குடிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு பார்த்திருக்கிறாயாம், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். உன் மச்சினன் சொல்லித்தான் எனக்கே தெரியும். தை மாசம் வந்து பார்த்தாயாம், பச்சைப்பசேல் என்று இருந்ததாம். அடேய், தை மாசத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் சீமைக்கருவேலங்காடுகூட அப்படித்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஊறி அப்போதுதான் முடிந்திருக்கும். மெட்ராஸ்காரர்கள் பொங்கல் லீவில் நிலம் பார்க்க வருவார்கள் என்பது எங்கள் ஊர்த் தரகர்களுக்கு மனப்பாடம்.

மண்ணைக் குறை சொல்ல மாட்டேன். வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண்ணில் பலாவும் வாழையும் பூவும் வருகிற செழிப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். அந்தப் பக்கம் மண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பும் கொஞ்சம் உண்டு. 2017-ல் நெடுவாசலில் நிலத்தடி எரிவாயு, எண்ணெய் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துச் சனம் உட்கார்ந்தது நினைவிருக்கும். அதுபோன்ற புதுத் திட்டங்களைத் தடுக்க 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி உள்பட நம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் சேர்ந்தன. அதெல்லாம் நல்லதுதான்.

என் கவலை தண்ணீர். மாவட்டம் ஒன்றுதான், அடியில் இருப்பது இரண்டு பூமி. மேற்கே இலுப்பூர், அன்னவாசல், விராலிமலை எல்லாம் பாறை. போர் போட்டால் பாறை வெடிப்பில் சிக்கினால்தான் தண்ணீர். கிழக்கே படிவு மண், ஆழத்தில் தண்ணீர் உண்டு. அதை நம்பித்தான் அத்தனை தோப்பும் நிற்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே பானையில் அகப்பையை விட்டால் என்ன ஆகும்? அறுநூறு, எழுநூறு அடி என்று இப்போது டீக்கடையில் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஆழத்தில் மோட்டார் சிக்கினால் நீயும் நானும் கயிறு கட்டி எடுக்க முடியாது. வண்டி வரவேண்டும், ஆள் வரவேண்டும், அவர்கள் வரும்வரை கன்றுகள் காயவேண்டும். நம் பழனியை யோசித்துப் பார். ஒரு போர் பொய்த்தது, பக்கத்தில் இன்னொன்று, வீம்புக்கு மூன்றாவது. அவன் மனைவி கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறுதான். அவன் திருப்பூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். போன தீபாவளிக்கு வந்தபோது வயல் பக்கமே போகவில்லை.

கஜா புயலையும் மறந்துவிடாதே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் பக்கம் தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. உன் தோப்புக்காரர் "எங்க தோப்புல ஒண்ணும் விழலை" என்று சொல்லியிருப்பாரே? எல்லாம் ஒரே உயரத்தில் இளமரமாக நின்றால் அது கஜாவுக்குப் பிறகு வைத்ததுதான். நெடுநெடுவென்று பழைய மரங்கள் ஊடே நின்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை.

நான் சொல்வது உனக்குப் பிடிக்காது, கீதாவுக்குப் பிடிக்கலாம். வியாபாரத்துக்கு என்றால் கிழக்கே வாங்கு. குடியிருந்து, அரிசியும் காய்கறியும் விளைவித்துச் சாப்பிட என்றால் அன்னவாசல் பக்கம் ஒரு கண்மாய்க்குக் கீழே, அதன் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒன்றரை ஏக்கர் போதும். பார்க்க அழகாக இருக்காது. கல்லும் கருவேலமுமாகக் கிடக்கும். ஆனால் கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல், பக்கத்துக் கிணற்றில் ஊற்று இறங்கும்வரை காய்கறி. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், குறைந்தால் குறைந்தது என்று தெரியும்.

அதிலும் எல்லாக் கண்மாயும் கண்மாய் இல்லை. தண்ணீர் திறக்கும் மடையையும் உபரி வழியும் கலிங்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரியில் ஏறி மேலே நட. மேலே தைலமரக் காடு இருந்து, அதற்குள் வரப்பும் குழியும் வெட்டி மழையை மறித்திருந்தால் கீழே கண்மாய் நிறையாது. இங்கே ஊருக்கு ஊர் இதுதான் புகார். ஊர்க்காரர்கள் கூடி வாரியைச் சுத்தம் செய்கிறார்களா என்று கேள். செய்கிற ஊர் என்றால் பாதித் தொல்லை தீர்ந்தது, உன்னையும் மண்வெட்டியோடு கூப்பிடுவார்கள், போகவேண்டும். மயில் தொல்லைக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. விராலிமலை முருகனுக்கு வாகனம், நம் நிலக்கடலைக்கு எமன்.

கிணறு பங்குக் கிணறாகத்தான் இருக்கும். "நாலில் ஒரு பங்கு" என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, யாருக்கு எந்த நாள் முறை, மின் இணைப்பு யார் பேரில் என்று கேள். விவசாய மின்சாரம் இலவசம்தான், ஆனால் புது இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பலர் பேரில் இருக்கும் கூட்டுப் பட்டா என்றால் விலகு. வண்டிப்பாதை புல வரைபடத்தில் இருக்கவேண்டும், "எப்பவும் இப்படித்தான் போவோம்" என்ற வாய்வார்த்தை பக்கத்து நிலம் கைமாறும் வரைதான். பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமாக இருந்தால் உனக்கு விற்க யாருக்கும் உரிமை கிடையாது, விலை குறைவு என்று மயங்காதே.

இன்னொன்று, விளையாட்டாகச் சொல்லவில்லை. உனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்தால் கீதா யாரைக் கூப்பிடுவாள்? புதுக்கோட்டையில் 2017-லிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பதை ராத்திரியில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். தோப்பு நடுவில் தனி வீடு என்ற ஆசையை விடு. ஊருக்குள் ஒரு ஓட்டு வீடு வாடகைக்கு எடுத்து ஒரு வருஷம் இருங்கள். கீதாவுக்கு அந்தத் தெருப் பெண்களோடு ஒட்டுகிறதா என்பதும் மண் பரிசோதனைதான். அவளிடம் இதுவரை கேட்டாயா?

சித்திரைக் கடைசியில் வா, அக்னி நட்சத்திரத்தில். கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அப்போது எட்டிப் பார்ப்போம். அதற்கு முன் தோப்புக்காரருக்குப் பத்துப் பைசா கொடுக்காதே. அவர் சர்வே எண்ணை மட்டும் வாங்கி எனக்கு அனுப்பு, வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறேன். அவருக்கு இரண்டு தங்கச்சிகள் என்று கேள்வி. அவர்கள் கையெழுத்துப் போட வருவார்களா என்றும் விசாரித்து எழுது.

உன்,
முத்து