நாங்கள் கட்டிய ரூ.43,200 ஜிஎஸ்டி வேறொருவர் கணக்கில் ஏறியது குறித்துப் புகார்

06.10.2025
கோயம்புத்தூர்

அனுப்புநர்:
உரிமையாளர், லேத் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், கணக்குப் பிரிவு.

பொருள்: 18.01.2025 தேதியிட்ட கம்ப்ரசர் பில் எங்கள் 2பி-யில் (நாங்கள் வாங்கிய பில்களின் வரியைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலில்) வராதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் சிஎன்சி மெஷினுக்காக உங்களிடம் ஒரு ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்கினோம். விலை ரூ.2,40,000. சிஜிஎஸ்டி ரூ.21,600, எஸ்ஜிஎஸ்டி ரூ.21,600. மொத்தம் ரூ.2,83,200-ஐ டெலிவரிக்கு முன்பே ஆர்டிஜிஎஸ்-இல் அனுப்பிவிட்டோம். கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது, அதில் குறையே இல்லை. குறையெல்லாம் உங்கள் கணக்குப் பிரிவின் மீதுதான்.

பிப்ரவரி 14-ஆம் தேதியே எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்திருக்க வேண்டிய பில் இன்றுவரை வரவில்லை. போன் செய்தால், "நாங்க வரி கட்டிட்டோம், உங்க ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்க" என்பதுதான் பதில். கடைசியில், ஆதாரம் என்று உங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜிஎஸ்டிஆர்-1 (உங்கள் விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டன்) பக்கத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. பில் எண், தேதி, தொகை எல்லாம் எங்களுடையவை. ஜிஎஸ்டி எண் மட்டும் வேறு யாருடையதோ. விசாரித்தால், எங்கள் பட்டறையின் பெயரை ஒத்த இன்னொரு வாடிக்கையாளர் உங்களுக்கு இருக்கிறாராம். எங்கள் பணம் அவர் கணக்கில் இன்புட்டாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, ஏறியிருக்கிறது.

இதைச் சுட்டிக்காட்டிய பிறகும், "பில்லில் உங்க நம்பர் சரியாத்தானே இருக்கு" என்கிறார்கள். பில் மட்டும் சரியாக இருந்து என்ன பயன்? 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 16(2)(ஏஏ)-இன்படி, விற்றவர் தன் ரிட்டனில் ஏற்றி, அது வாங்கியவரின் 2பி-யில் வந்தால்தான் இன்புட் எடுக்க முடியும். கையில் பில்லை வைத்துக்கொண்டு எங்கள் ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. திருத்த முடிந்தவர் நீங்கள் மட்டும்தான்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் ஜாப் ஒர்க் பில்லுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருகின்றன. அந்த பில்லுக்கான வரியை நாங்கள் மறு மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்த இன்புட் வராததால், உலோகத்தைச் சீவும் கார்பைடு இன்சர்ட் வாங்க எடுத்துவைத்திருந்த பணத்தை பிப்ரவரியில் வரிக்குக் கட்டினோம். தேய்ந்த இன்சர்ட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டியதில் ஷாஃப்ட்டுகளில் ஃபினிஷிங் கெட்டு, ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகி வந்தது.

2024-25 நிதியாண்டு பில்களுக்கு இன்புட் எடுக்க 30.11.2025 கடைசி நாள். உங்கள் ரிட்டனைத் திருத்தவும் அதே நாள்தான் எல்லை. அதைத் தாண்டினால் இந்தப் பணம் எங்களுக்கு ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே, அக்டோபர் 11-க்குள் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டிய செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1-இல், பழைய பில்களைத் திருத்துவதற்கான 9ஏ அட்டவணையில், எங்கள் எண்ணை மாற்றி ஏற்றுங்கள். அது முடியாமல் போனால் நவம்பர் 11 ரிட்டனே கடைசி வாய்ப்பு. அந்த இன்னொரு வாடிக்கையாளர் ஏற்கெனவே இன்புட் எடுத்திருந்தால், அவரிடம் பேசிச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு.

நவம்பர் 14 அன்று வரும் 2பி-யிலும் இந்த பில் இல்லையென்றால், ரூ.43,200-ஐயும் பிப்ரவரி முதல் அதற்கான வட்டியையும் நவம்பர் 20-க்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். "தொழிலுக்கு வாங்கினவங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கத்தில் வாங்கியதாகக் கொள்ளக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இந்தப் பட்டறையில் மெஷின் முன்னால் நிற்பது நானும் என் மைத்துனரும்தான்.

பதிலைப் போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், ஆர்டிஜிஎஸ் ரசீது, நீங்கள் அனுப்பிய ஜிஎஸ்டிஆர்-1 பக்கம், எங்கள் ஜனவரி மாத 2பி.