கீசக வதம் மாலை நிகழ்ச்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி சொந்தங்களுக்கு வணக்கம்.

பிரதியே மிஞ்சாத ஒரு படத்தைப் பற்றிப் பேச அந்தக் குளிரில் எஸ்டேட் கூடம் நிறைய வந்தீர்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். மோட்டார் உதிரிபாக வியாபாரம் பார்த்த நடராஜ முதலியார் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ போட்டு எடுத்தார். திரௌபதியைத் தொந்தரவு செய்த கீசகனை பீமன் கொல்கிற இந்த மகாபாரதக் கதையை எடுக்கச் சொன்னது நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார், நடித்தவர்களும் மேடைக்காரர்களே.

அது ஏன் மிஞ்சவில்லை என்று விளக்கிய இந்து நகர் அண்ணனுக்கு நன்றி. நம் ஊர் ஃபிலிம் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சுருள் தானாகவே பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும், தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஓடி முடிந்த படங்களை, ஃபிலிமில் இருக்கிற வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு என்றார், அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம் நம் கூத்து வாத்தியார் ஐயா. கீசகனை பீமன் கொல்வது இருட்டில். நடராஜ முதலியாரோ மேலே வெள்ளைத் துணி கட்டி, அதில் வடிகிற வெயிலில் படம் பிடித்தவர். அங்கே இருட்டை எப்படிக் காட்டுவது? இதைக் கேட்டதும் ஐயா எழுந்து, ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே, கண் தெரியாதவர்போல் கையால் துழாவிக்கொண்டு கீசகனாக நாலடி நடந்தார் பாருங்கள், கூடமே இருட்டிவிட்ட மாதிரி இருந்தது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. மேடை நடிகர்களை நம்பி நடராஜ முதலியார் ஏன் ஊமைப்படத்தில் இறங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

ஆர்மோனியம் வாசித்த பாட்டு டீச்சருக்கு நன்றி. சுக்குக் காப்பி போட்ட அக்காமாருக்கும், கடைசி பஸ் போன பிறகு பெரியவர்களை ஜீப்பில் ஏற்றிக் கோத்தகிரி வரை கொண்டுபோய் விட்ட தம்பிக்கும் நன்றி. தம்பி, டீசல் காசை வாங்காமல் போய்விட்டாய், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், மறுக்காமல் வாங்கிக்கொள்.