டையூ பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் போர்க்கப்பல் பார்க்க டையூவுக்கு அழைத்துப் போகிறோம் என்று அறிவித்த நாளிலிருந்து என் அறைக்கு இரண்டு வகைப் பெற்றோர் வருகிறீர்கள். "எதுக்கு டீச்சர் பிள்ளைங்களுக்குப் பீரங்கியைக் காட்டணும்?" என்று கேட்கிறவர்கள் ஒரு வகை. துணைக்குத் தாங்களும் வருவதாகச் சொல்லும் அப்பாக்கள் இன்னொரு வகை. மதுவிலக்கு உள்ள குஜராத்தில் கிடைக்காதது பக்கத்து டையூவில் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். துணைக்கு அம்மாக்கள் வந்தால் போதும்.

முதல் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நாம் பார்க்கப் போவது ஐ.என்.எஸ். குக்ரி. நம் மும்பையில், மஸகான் டாக் என்ற கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய போர்க்கப்பல். 1989இல் கடற்படையில் சேர்ந்து, 32 ஆண்டு ஓடி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அடுத்த மாதமே, 2022 குடியரசு தினத்தன்று, அதை டையூ நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். தாராவியிலிருந்து டாக் வேலைக்குப் போனவர்கள் நிறைய பேர். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இந்தக் கப்பலில் வேலை பார்த்திருந்தால் சொல்லி அனுப்புங்கள், பிள்ளைகளோடு பேச வைக்க வேண்டும்.

முன்பெல்லாம் இவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. கஃப் பரேடு பக்கம் பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அருங்காட்சியகமாக நின்றது. உங்களில் சிலர் சின்ன வயதில் அதில் ஏறியிருப்பீர்கள். 2012இல் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். 2014இல் தாருகானாவில் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய நஷ்டம்தான்.

சரி, பீரங்கிக்கு வருகிறேன். குக்ரி வகைக் கப்பல்களின் முன்தளத்தில் இருப்பது ஏகே-176 என்ற ரஷ்யப் பீரங்கி. குழலின் வாய் 76 மி.மீ., அதாவது ஒரு சாண்கூட இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 120 குண்டு வரை சுடும், குண்டு சுமார் 15 கி.மீ. போகும். இந்த மாதிரிக் குழல்களின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது, சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் குண்டைச் சுழற்றி அனுப்புவதால் அது பம்பரம் போலத் தலை சாயாமல் பறக்கிறது. பையன்களுக்கு இதுவே போதும், வாயைப் பிளந்து நிற்பார்கள்.

நான் காட்ட நினைப்பது அதற்கு முந்தைய வேலையை. 15 கி.மீ. போகும் குண்டை எந்தக் கோணத்தில் தூக்கிச் சுடுவது? எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் அந்தக் குழலால் ஒரு பயனும் இல்லை. ரேடார் வருவதற்கு முன் இதைக் கண்ணாடிகளை வைத்தே செய்தார்கள். நீண்ட குழாய், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கண்ணாடி. நடுவில் பார்ப்பவருக்கு எதிரிக் கப்பலின் மேல்பாதி ஒரு முனையிலிருந்தும் கீழ்ப்பாதி மறுமுனையிலிருந்தும் தெரியும். இரண்டும் பொருந்தும் வரை ஒரு திருகைத் திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்பினோம் என்பதில் கோணம் கிடைக்கும், கோணத்திலிருந்து தூரம். இப்படி ஒரு தூரமானியை பார், ஸ்ட்ரௌட் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1888இல் வடிவமைத்தார்கள், சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. அடியில் இருப்பது ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியல்தான்.

அதை மொட்டைமாடியில் செய்து பார்த்தோம். 2 மீட்டர் கழி, இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கோணமானி. முதல் நாள் கணக்குப்படி எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மாஹிம் கடலுக்குள் இருந்தது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. 200 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளுக்கு இந்தக் கழியில் வரும் கோணம் அரை டிகிரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் பத்தில் ஒரு பங்கு டிகிரி குறைத்துப் படித்தால் 200 மீட்டர் 240 ஆகிவிடும். "கழியை நீளமாக்கலாமே டீச்சர்" என்று ஒரு பெண் கேட்டாள். ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலில் அந்தக் குழாய் 10.5 மீட்டர், ஜப்பானின் யமாட்டோவில் 15 மீட்டர். பெரிய பெரிய பொறியாளர்கள் செய்ததை அவள் மாடியில் நின்று சொல்லிவிட்டாள்.

நம் தாத்தா பாட்டிகள் பேசும் எம்டன் கதையும் இதில் வரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்த அந்த ஜெர்மன் போர்க்கப்பல் முதலில் தேடுவிளக்கைப் போட்டு எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்தது, அப்புறம்தான் சுட்டது. அதன் பீரங்கிகளில் ஒன்று இன்று சிட்னியின் ஹைட் பூங்காவில் நிற்கிறது.

டையூவில் ஒரு நினைவிடத்திலும் நிற்போம். இதே பெயரில் இதற்கு முன் ஒரு குக்ரி இருந்தது. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி அதை டையூவுக்கு அப்பால் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. அந்தக் கப்பலிலும் 40 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. தண்ணீருக்கடியில் இருந்த எதிரியை அவற்றால் என்ன செய்ய முடியும்? பீரங்கியைக் காட்டினால் பிள்ளைகள் முரடாகிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள், நினைவிடத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம் பேசிப் பாருங்கள்.

மாடியில் வேறொன்றும் தெரியவந்தது. சில பிள்ளைகளால் எவ்வளவு முயன்றும் இரண்டு பாதியைப் பொருத்த முடியவில்லை. கரும்பலகை மங்கலாகத் தெரிவதை இத்தனை நாள் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெற்றோருக்குத் தனிச் சீட்டு வைத்திருக்கிறேன். பயணத்துக்கு முன் கண் பரிசோதனை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

பாந்த்ரா டெர்மினஸிலிருந்து வெராவல் வரை இரவு ரயில், அங்கிருந்து பேருந்து. கப்பலில் ஏணிப்படிகள் செங்குத்தாக இருக்கும், அதனால் பெண் பிள்ளைகள் சுடிதார் போட்டுவரட்டும், எல்லோருக்கும் வார் வைத்த செருப்பு அல்லது ஷூ. குழலில் தொங்குவதோ பெயர் கிறுக்குவதோ கூடாது. பேருந்தில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் மாத்திரையைப் பெயர் எழுதிய உறையில் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம். அதுவும் முடியாது என்றால் என்னிடம் நேரில் சொல்லுங்கள், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பயணத்துக்கு வர முடியாத பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எலிஃபெண்டாவுக்குக் கூட்டிப்போகிறேன். குகைகளுக்கு மேலே குன்றில் வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கிகள் இரண்டு இருக்கின்றன. கழியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்து தெரியும் கப்பல்களின் தூரத்தை அளக்கச் சொல்வேன். டையூ போனவர்களும் சேர்ந்துகொள்ளலாம், படகுக் கட்டணம் அவரவருடையது.

ஒப்புதல் படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளின் கையெழுத்து எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்