நெடுவில்லுக்கான அம்புகள்: வாங்குவதற்கு முன்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். புதிய அம்புகள் வாங்கவிருப்போர் வில்லில் எழுதியிருக்கும் பவுண்டை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையை, மட்டும் நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்குரியது என்பதால், 26 அங்குலமே இழுப்பவருக்குக் கிடைக்கும் விசை அதைவிடக் குறைவாகவே இருக்கும். நெடுவில்லில் அம்பு வில்லின் பிடியைச் சுற்றி வளைந்தே வெளியேறுவதால், தண்டின் விறைப்பு, அதாவது ஸ்பைன், அந்த உண்மையான விசைக்குப் பொருந்த வேண்டும்.

சோதிப்பதற்கு, இறகுள்ள மூன்று அம்புகளோடு அதே வகையில் இறகில்லாத ஒன்றையும் 15 மீட்டரிலிருந்து எய்யுங்கள். வலக்கையால் நாண் இழுப்போருக்கு, இறகில்லாத அம்பு மற்றவற்றிலிருந்து இடப்புறம் விலகிப் பதிந்தால் தண்டின் விறைப்பு மிகுதி என்று பொருள். முனையின் எடையை 100 கிரெயினிலிருந்து (அம்பு எடைக்கான சிறிய அலகு) 125 ஆக்கிப் பாருங்கள். வலப்புறம் விலகினால் தண்டு தளர்வானது. இழுப்பு நீளத்துக்குக் குறையாதவாறு, தண்டைக் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வரலாம். (அவசரப்பட்டு ஆறு அம்புகளை ஒரேயடியாக வெட்டி வீணாக்கியவன் நான், ஒன்றை மட்டும் வெட்டிச் சோதியுங்கள்.) இறகில்லாத அம்பு மற்றவற்றைவிடத் தாழப் பதிந்தால், நாணில் அம்பு பொருத்தும் இடத்தைச் சற்றே இறக்குங்கள்.

மரத்தண்டுகளை ஒவ்வொரு முறையும் மெதுவாக வளைத்துப் பார்த்து, விரிசல் விட்டவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.