பட்டறை உலைக்குள் இருக்கும் அஸ்பெஸ்டாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையின் சிறு பட்டறைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். தொழிலாளர் உடல்நலம் என்று வரும்போது மட்டும் புகையையும் சூட்டையும் சொல்லி முடித்துவிட்டீர்கள். வார்ப்புப் பட்டறையிலேயே காலம் கழித்தவன் நான். உங்கள் கட்டுரையில் விடுபட்ட அஸ்பெஸ்டாஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அஸ்பெஸ்டாஸ், அதாவது சூடு தாங்கும் கல்நார், என்றால் நம் ஊரில் கூரைதான் நினைவுக்கு வரும். பித்தளையும் அலுமினியமும் உருக்கும் பழைய உலைகளுக்குள்ளும் அது இருக்கலாம் என்பது, அந்த உலை முன்னால் நிற்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. மூடியில் சூடு கசியாமல் திணித்த கயிறு, உலையின் உள்பக்கச் செங்கல் லைனிங்குக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே வைத்த வெள்ளை அட்டை, மின்சாரத்தில் உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் காயிலை (செம்புச் சுருளை) ஒட்டி வைத்த ஷீட், உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையைத் தூக்கப் போட்ட பழைய கையுறை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கூரை ஷீட்டில் நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும். கயிறும் அட்டையும் அப்படியில்லை, பெரும்பகுதி நார்தான். பல வருஷம் சூட்டில் வெந்த பிறகு தொட்டாலே பொடியும்.

உலை ஓடும்போது இருப்பதைவிட அதைப் பிரிக்கும்போதுதான் ஆபத்து அதிகம். லைனிங் தேய்ந்ததும் உளியும் சுத்தியலும் வைத்துப் பழையதைப் பெயர்த்தெடுப்பார்கள். மிச்சத் தூசியைக் கம்பிரஸர் காற்றால் ஊதுவார்கள். அப்புறம் சட்டையையும் அதே காற்றால் தட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. அந்தச் சட்டையை வீட்டில் துவைக்கும் பெண்களின் நுரையீரலுக்கும் அது போகும். அப்படி நோய்வாய்ப்பட்ட குடும்பத்தினர் பல நாடுகளில் இருக்கிறார்கள். பழைய உலையை எடைக்கு வாங்கி உடைக்கிற இரும்புக் கடைப் பையன்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

‘வெள்ளை அஸ்பெஸ்டாஸ் ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அது தவறு. எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. நுரையீரல் இறுகிப்போவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் 20, 30, 40 வருஷம் கழித்துத் தலைகாட்டும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடும்.

1995-இல் உச்ச நீதிமன்றம், அஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் பட்டறையில் யார் பதிவு வைக்கிறார்கள்? பலரிடம் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது. இருமலோடு போனால் காசநோய்க்குப் பரிசோதிப்பார்கள். என்ன வேலை பார்த்தாய், எதைப் பிரித்தாய் என்றும் மருத்துவர் கேட்க வேண்டும்.

முதலாளிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் தாங்களே உலை முன்னால் நிற்பவர்கள். கண்ணால் பார்த்து அஸ்பெஸ்டாஸா இல்லையா என்று சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். அதனால் பழைய கயிறு, அட்டை எதையும் அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இதற்குப் பயிற்சி பெற்றவர்களை வைத்தே எடுங்கள். எப்படியானாலும் உலர்ந்தபடி பெயர்க்காமல் நன்றாக நனைத்து எடுங்கள். கம்பிரஸரைத் தொடாதீர்கள். நார்த்தூசிக்கென்று உள்ள ஃபில்டர் முகமூடி போடுங்கள். புதிதாக வைக்கும்போது கண்ணாடி நார்க் கயிறு கிடைக்கிறது. செராமிக் கம்பளியும் இருக்கிறது, ஆனால் சூட்டில் வெந்த பிறகு அதன் தூசியும் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதைப் பிரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

பிரித்ததை எங்கே போடுவது என்பதுதான் பெரிய சிக்கல். இது அபாயக் கழிவு. குப்பைத்தொட்டியிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டக் கூடாது. ஒரு மூட்டைக் கழிவுக்காகத் தனிப் பட்டறைக்காரர் லாரி பிடிக்கவும் முடியாது. கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளிலாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சேகரிப்பு இடம் வைத்து, சுற்று வட்டாரப் பட்டறைகளும் அங்கே கொடுக்க வழி செய்ய வேண்டும். இதுபற்றி அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்புத் தொழிலாளி,
மதுரை.