ஐந்து நாள் காத்திருந்த பிளேட்: ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவள். இருபது வருடமாக ஒரே கிருமியின் பின்னால் அலைகிறேன். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். நம் இரைப்பையில், அத்தனை அமிலத்துக்கு நடுவிலும் குடியிருந்து, அல்சர் என்கிற வயிற்றுப் புண்ணை உண்டாக்கக்கூடிய பாக்டீரியா. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருப்பதாகக் கணக்கு. இதைக் கண்டுபிடித்தவர்களின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விண்ணப்பங்களைத் தேர்வு செய்கிற இடத்தில் இருந்துகொண்டு அதை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1979 ஜூன் 11. ஆஸ்திரேலியாவில், ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த ராபின் வாரனுக்கு அன்று 42ஆவது பிறந்த நாள். ஒரு நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த பயாப்சியை, அதாவது சிறு சதைத் துணுக்கை, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார். சவ்வின் மேல் சுருள் சுருளாக பாக்டீரியாக்கள். வயிற்று அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். கூட வேலை பார்த்தவர்களே நம்பவில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றிக் காட்டினார். அப்புறமும், அவ்வளவு தெளிவாக இருந்தால் இதற்கு முன் யாரும் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி விடாமல் வந்துகொண்டே இருந்தது.

வாரன் கிருமியை மட்டும் பார்க்கவில்லை. அதைச் சுற்றி நடந்ததையும் பார்த்தார். கிருமி இருந்த இடத்திலெல்லாம் சவ்வு அழன்று, வெள்ளணுக்கள் வந்து குவிந்திருந்தன. பயாப்சி எடுத்த பிறகு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட அழுக்காக அது இருந்தால் உடம்பு எதற்குப் படையைத் திரட்டப் போகிறது? உடம்பின் எதிர்ப்புத்தான் அவருக்கு முதல் சாட்சி. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஏறக்குறைய தனியாகவே ஸ்லைடு சேர்த்தார். மனநல மருத்துவரான அவருடைய மனைவிதான் கூட நின்று ஊக்கம் கொடுத்தார்.

1981இல் பாரி மார்ஷல் என்ற பயிற்சி மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982இல் 100 நோயாளிகளை எடுத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கினார்கள். கிருமியைத் தனியாக வளர்த்துக் காட்ட வேண்டும். முதல் 34 பேரின் பயாப்சியிலும் ஒன்றும் வளரவில்லை. ஆய்வுக்கூடத்தின் வழக்கப்படி, கிருமி வளர்க்கிற வட்டத் தட்டான பிளேட்டில் இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஈஸ்டர் விடுமுறை வந்தது. வேறொரு கிருமித் தொற்று பரவியதில் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் வேலை தலைக்கு மேல். 35ஆவது நோயாளியின் பிளேட் இன்குபேட்டரிலேயே ஐந்து நாள் கிடந்துவிட்டது. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது.

நானும் இந்தக் கிருமியை வளர்க்கிறவள். அதனால் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். இதற்கு ரத்தம் கலந்த அகார் என்கிற கூழ் வேண்டும், ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும், 37 டிகிரிச் சூடு வேண்டும். மூன்றாவது நாள்கூட பிளேட் வெறுமையாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கண்ணாடிப் பொடி தூவியது போலப் பனித்துளி பனித்துளியாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு துளி எடுத்து யூரியா கலந்த மஞ்சள் நீரில் விட்டால் கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும். கிருமியின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அந்த அம்மோனியாதான் அமிலத்திலிருந்து அதற்குக் கவசம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிறம் மாறும்போது என் மாணவிகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நானும்தான்.

சரி, கிருமி கிடைத்துவிட்டது. பிறகாவது வழி விட்டார்களா? 1983இல் ஆஸ்திரேலிய இரைப்பை-குடல் மருத்துவர்கள் சங்கத்தின் கூட்டத்துக்கு மார்ஷல் ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார். வந்தவை 67, அவர்கள் ஏற்றுக்கொண்டவை 56. விடுபட்ட 11இல் மார்ஷலுடையதும் ஒன்று. அந்த ஆய்வில், முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது. 13க்கு 13.

மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தது 1984இல். விலங்குகளில் தொற்று ஏற்படுத்தப் பார்த்து முடியாமல் போனது. தன் வயிற்றை முதலில் எண்டோஸ்கோபி செய்து, அதாவது குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு குடித்தார். மனைவியிடம்கூட முன்னதாகச் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். மறுபடி எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பை அழன்றிருந்தது, கிருமியும் இருந்தது. அவருக்குப் புண் வரவில்லை, அழற்சிதான் வந்தது. எல்லாரும் இதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஆய்வாளர் தன் உடம்பைப் பணயம் வைத்துத்தான் காது கொடுக்க வைக்க வேண்டும் என்றால், காது கொடுக்க வேண்டியவர்கள் அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இந்தத் தாமதத்துக்கு நம் வீடுகளிலும் விலை கொடுத்திருக்கிறோம். என் அப்பா லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியவர். பதினோரு வருடம் அல்சர். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார். தலைமாட்டில் எப்போதும் ஒரு டம்ளர் பால் மூடி வைத்திருக்கும். காரம் தின்றதால் வந்தது, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, டென்ஷனால் வந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அம்மா வாரத்தில் மூன்று நாள் மணத்தக்காளிக் கீரை சமைப்பார். அப்பா தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். 1998இல் ஓர் இளம் மருத்துவர் எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அதோடு நின்றது. மார்ஷல் கரைசலைக் குடித்துப் பதினான்கு வருடம் கழித்துத்தான் என் அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார்.

2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024 ஜூலையில் காலமானார். அதனால் இந்த விஷயம் முடிந்துபோனது என்று குழுக்களில் நினைக்கிறார்கள். நேர்காணலிலேயே என்னிடம், “இதில் இன்னும் கண்டுபிடிக்க என்னம்மா இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். அன்று படபடப்பில் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

வாரன் ஸ்லைடில் பார்த்த வெள்ளணுக்கள் அவ்வளவு திரண்டு வந்தும் கிருமியை விரட்ட முடிவதில்லை. குழந்தைப் பருவத்தில் தொற்றினால், மருந்து கொடுக்காதவரை பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கிறது. மற்ற பல பாக்டீரியாக்களின் வால் இழையை நம் உடம்பின் காவல் புரதம் ஒன்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இந்தக் கிருமி அந்த இழையின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கிறது. மேலுறையில் நம் ரத்த வகைச் சர்க்கரைகளைப் போலவே சர்க்கரைகளைப் பூசிக்கொள்கிறது. அது சுரக்கிற நச்சு ஒன்று, எதிர்ப்பை நடத்துகிற வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களை மந்தப்படுத்துகிறது. டி செல் இல்லாத எலிகளுக்குத் தொற்று கொடுத்தால் கிருமி தாராளமாகப் பெருகும், ஆனால் இரைப்பை பெரிதாக அழல்வதில்லை. சேதத்தில் பெரும் பங்கு கிருமியை அடிக்கப் போன நம் எதிர்ப்பாற்றலாலேயே நடக்கிறது. எதிர்ப்பைத் தூண்டினால் புண்ணாகிறது, அடக்கினால் கிருமி தங்கிவிடுகிறது. இந்த முடிச்சு அவிழாததால்தான் இன்றுவரை எல்லாரும் போட்டுக்கொள்ளக்கூடிய தடுப்பூசி வரவில்லை. இதே கிருமியை 1994இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுக்காரணியாக, அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று, அறிவித்தது. அதற்குக் கொடுக்கிற கிளாரித்ரோமைசின் மருந்து இப்போது பலரிடம் வேலை செய்வதில்லை.

நம் நாட்டுக்கென்றே ஒரு புதிர் இருக்கிறது. இந்தியாவில் இந்தத் தொற்று மிக அதிகம், இரைப்பைப் புற்றோ அந்த அளவுக்கு இல்லை. நாட்டுக்குள்ளேயே மிசோரமில் மிக அதிகம், வடக்கைவிடத் தெற்கில் அதிகம். ஏன்? கிருமியின் ரகமா, சாப்பாடா, நம் எதிர்ப்பாற்றல் வேறு மாதிரி பழகியிருக்கிறதா? எலிகளுக்குக் குடற்புழுவும் இருந்தால் ஹெலிகோபாக்டர் இனத்துக் கிருமி உண்டாக்கும் சேதம் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் குழந்தையில் புழுவோடு வளர்ந்தவர்கள்! பெர்த்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாது. இங்கேதான் தேட வேண்டும். அதற்கு ஒரே ஆட்களைப் பத்து, பதினைந்து வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது மூன்று வருடம். நொய்யரிசி அளவு பயாப்சிகளிலிருந்து 140 பேரின் கிருமியை வளர்த்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்தோம். கூடவே அவர்களின் ரத்த மாதிரியும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். பதில் வர ஒன்பது மாதம் ஆனது, வந்ததும் ஒரே வரி. அதற்குள் ஆராய்ச்சி மாணவி உதவித்தொகை இல்லாமல் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாள். ஃப்ரீசரைப் பழுது பார்க்க எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது தட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த 140 பேரும் வெறும் வயிற்றோடு வந்து, தொண்டையில் குழாய் விட இடம் கொடுத்தவர்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் கேட்கிறேன். நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை, திட்டம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைப் பாதுகாக்க, திட்டம் முடிந்த பிறகும் தொடரும் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். நிராகரித்தால் காரணத்தை ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள், திருத்திக்கொள்வோம். எதிர்பார்க்கும் விளைவு என்ன என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் ஒருவர் நேர்மையாக, “பார்த்த ஒன்று புரியவில்லை, புரிந்துகொள்ள வேண்டும்” என்று எழுதியிருந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். 1979இல் ராபின் வாரனால் அதைத்தான் எழுதியிருக்க முடியும்.

அடுத்த சுற்று விண்ணப்பங்கள் உங்களிடம் வரும்போது எங்களுடையதும் அதில் இருக்கும். இந்த முறை முதல் பயாப்சியிலிருந்து தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியை