1200 கலோரி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எடைக் குறைப்புக்கென்று அவ்வப்போது வெளியாகும் உணவுப் பட்டியல்களை நானும் என் மனைவியும் தவறாமல் படிப்பவர்கள். காலையில் இத்தனை இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி, ஆக மொத்தம் 1200 கலோரி என்று முடியும் அந்தப் பட்டியல்களில், அந்த 1200 எந்த எடையும் உயரமும் வயதும் உள்ளவருக்கு, அவர் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்ப்பவரா, ஓடியாடி உழைப்பவரா என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. அந்த விவரம் இல்லாத பட்டியல் அளவெடுக்காமல் தைத்த சட்டைதான் என்பதை எங்கள் வீட்டில் கண்கூடாகப் பார்த்துவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மனைவியும் மகனும் ஒரே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார்கள். மனைவிக்கு வயது 52, உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. மகனுக்கு வயது 28, உயரம் 172 செ.மீ., எடை 88 கிலோ. வீடுகளுக்கு வயரிங் செய்வது அவன் தொழில். எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடான பி.எம்.ஐ. இருவருக்கும் ஏறக்குறைய 30 என்று வந்தது. இந்தியர்களுக்கு 25 ஆனாலே உடற்பருமன் என்பது மருத்துவர்களின் வரையறை. குறியீடு ஒன்றாக இருந்ததாலோ என்னவோ, 1200 கலோரித் தாளின் இரண்டு நகல்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம், ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த மகனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. கீழே ஏணியைப் பிடித்திருந்த பையன் கெட்டிக்காரன். அதனால் அடி எதுவும் படவில்லை. அன்றிரவு அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஓய்வாகப் படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட 1990-இல் வெளியான மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் வாய்பாட்டை உணவியல் வல்லுநர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கிலோவில் எடையைப் பத்தாலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்குதான். என் மனைவிக்கு 1268 வந்தது, மகனுக்கு 1820 வந்தது. இதை அன்றாட உழைப்புக்குரிய எண்ணால் பெருக்கினால் எடை கூடாமலும் குறையாமலும் இருக்கத் தேவையான கலோரி கிடைக்கும். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, இலேசாக நடமாடுபவருக்கு 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55 என்று அந்த எண் ஏறிக்கொண்டே போகும். அப்படிப் பார்த்தால் மனைவிக்கு 1.2-ஆல் பெருக்க ஒரு நாளுக்கு சுமார் 1520, படியேறி இறங்கியே பொழுதைக் கழிக்கும் மகனுக்கு 1.55-ஆல் பெருக்க சுமார் 2820.

அதாவது அதே தாள் மனைவிக்கு நாளொன்றுக்கு 320 கலோரிதான் குறைத்தது. மகனுக்கோ 1600-க்கு மேல் வெட்டியது. பொதுவாக நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைத்துச் சாப்பிடுவதே தாங்கக்கூடியது என்பார்கள். அந்தக் கணக்கில் மகனுக்கு 2300 கலோரி கொடுத்திருக்க வேண்டும். மனைவிக்கு அதே 500-ஐக் கழித்தால் 1020-தான் மிஞ்சும். அவ்வளவு குறைந்த உணவை மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் எவரும் உண்ணக் கூடாது. ஆகவே அவளுக்கு 1200 சரியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குருட்டாம்போக்கில் எறிந்த கல் ஒன்று மாங்காயில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

உழைப்புக்கான எண்ணைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் நம்மில் பலர் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். காலையில் அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றிவிட்டு மீதி நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர் தம்மை நடுத்தர உழைப்பாளி என்று குறித்துக்கொள்கிறார். என் மனைவியும் முதலில் 1.55-ஐத்தான் கேட்டாள். அதைக் கொடுத்தால் அவளுடைய தேவை 1965 என்றாகி, தாளில் 440 கலோரி கூடிவிடும். அரை மணி நேர நடையில் அவள் எடைக்குச் செலவாவதோ சுமார் 120. ஓர் உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால் அது திரும்பி வந்துவிடும்.

தங்கள் இணைப்பின் பட்டியல்கள் கண்டுகொள்ளாத இன்னொன்று எண்ணெய். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மூன்று பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதத்துக்கு மூன்று லிட்டர் தீர்கிறது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம் என்று வைத்தால், தலைக்கு நாளொன்றுக்கு 270 கலோரி தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் போய்விடுகிறது. மனைவியின் குறைப்பு 320, எழுதப்படாத எண்ணெய் 270. எடை ஏன் அசையவில்லை என்று அவள் இரண்டு மாதம் புலம்பியதற்கு விடை அந்த எண்ணெய்த் தூக்கில் இருந்தது. அரிசியிலும் இதே குழப்பம் உண்டு. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், நூறு கிராம் சோற்றில் 130 அளவுதான். பட்டியலில் உள்ளது எது என்று சொல்லாவிட்டால் ஒருவர் மும்மடங்கு உண்பார், இன்னொருவர் பட்டினி கிடப்பார். எங்கள் வீட்டு ஆழாக்கில் தலை தட்டி அளந்து தராசில் வைத்தபோது புழுங்கலரிசி ஏறத்தாழ 140 கிராம் இருந்தது. இப்படி ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு தராசு தேவைப்படாது.

7700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ உடற்கொழுப்பு கரையும் என்ற கணக்கையும் வாசகர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறையும். என் மனைவி 66 கிலோவுக்கு வந்தால் அவளுடைய 1520 சுமார் 1450 ஆகிவிடும்; நான்கைந்து கிலோ இறங்கியதும் கணக்கைப் புதிதாகப் போடாதவர்கள்தான், முன்பு இறங்கிய எடை இப்போது நின்றுவிட்டதே என்று மனம் தளர்கிறார்கள். வாய்பாடும் துல்லியமானதன்று. மேலை நாட்டவரை அளந்து உருவானது என்பதால் நம்மவருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். மூன்று வாரம் கடைப்பிடித்து, வாரம் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, அதற்கேற்ப நூறு இருநூறு கூட்டிக் குறைத்துக்கொள்வதுதான் நடைமுறை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கருவுற்றோர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது.

1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2110, பெண்ணுக்கு 1660 கலோரி என்று சொல்லும்போது, அந்த ஆண் 65 கிலோ, அந்தப் பெண் 55 கிலோ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தங்கள் பட்டியல்களும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாமே என்பதுதான் என் வேண்டுகோள். ஒவ்வொரு பட்டியலின் தலைப்பிலும் அது எந்த வயது, எடை, உயரம், உழைப்பு உள்ளவருக்கு என்று ஒரு வரி. எண்ணெயின் அளவு கரண்டிக் கணக்கில் ஒரு வரி. ஏதேனும் ஒரு ஞாயிறன்று மேற்சொன்ன வாய்பாட்டை எடுத்துக்காட்டுடன் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், வாசகர்கள் அதைக் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பாளையங்கோட்டை.